டாக்கா பதில் சொல்லாத வாரம்

ஒரு திமிங்கலத்தால்தான் நான் ஹம்பேர்க்குக்குப் போக வேண்டி வந்தது. குழந்தைகள் டி-ஷர்ட்டின் நெஞ்சில் நாங்கள் அச்சடித்து அனுப்பிய நீலத் திமிங்கலத்துக்கு, இரண்டு முறை துவைத்ததும் முதுகில் வெடிப்பு விட்டுவிட்டதாம். சரக்கை வாங்கிய ஜெர்மன் பையர் மொத்த ஷிப்மென்ட்டையும் குடோனில் நிறுத்திவிட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என்னைக் கூப்பிட்டு, நேரில் போய்ப் பெட்டி பெட்டியாகப் பிரித்து நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் தனித்தனியாக எடுத்து வைத்துவிட்டு வரச் சொன்னார் ஓனர். ஜெர்மனிப் பயணம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். நான் போனது ஒரு குடோனுக்கு.

தங்குவதற்கு, தெரிந்தவர் மூலமாக ஒரு வீட்டு மாடியறை கிடைத்தது. எல்பே ஆற்றின் இரண்டு கிளைகளுக்கு நடுவே தீவாகக் கிடக்கும் வில்ஹெல்ம்ஸ்பேர்க்கில், வசந்தி அக்கா, ஜெகன் அண்ணை என்ற யாழ்ப்பாணத்துத் தம்பதியின் வீடு. எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்குக் கடந்து வந்தவர்கள். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணை இப்போதும் வாரத்தில் சில நாள் ஒரு பேக்கரிக்குப் போகிறார். வந்த அன்று அக்கா இடியப்பமும் சொதியும் வைத்தார். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் இடியாப்பத்துக்குச் சர்க்கரை கேட்டேன். நோயாளியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டு, சர்க்கரை டப்பாவை நகர்த்தி வைத்தார்.

மாடியில் இன்னோர் அறை இருந்தது. அதில் நுஸ்ரத் என்ற பங்களாதேஷ் பெண் வாடகைக்கு இருந்தாள். ஹார்பர்க்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு பற்றி மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இங்கிலீஷில் பேசுவாள், அக்காவிடம் ஜெர்மனில். என்னை ‘ஆபா’ என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் மேசையில் வைத்திருந்த சாம்பிள் சட்டையின் கழுத்தைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நாம் இரண்டு பேரும் எதிரிகள் என்றாள். உண்மைதான். ஐரோப்பாவில் ஏதாவதொரு துணிக்கடை அலமாரியில் திருப்பூர் சட்டை இருந்தால், அதற்கு மேலோ கீழோ டாக்கா சட்டை இருக்கும். இத்தனை வருடமாக நான் டாக்காவை நினைத்ததெல்லாம் அவர்கள் பீஸுக்கு என்ன விலை போடுகிறார்கள் என்பதற்காக மட்டுமே.

அந்த ஜூலையில் டாக்காவில் மாணவர்கள் தெருவில் இருந்தார்கள். என்ன பிரச்சினை என்று கேட்டேன். நாட்டின் விடுதலைக்காகப் போரிட்டவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் பெரிய பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள், அதை எதிர்த்து என்றாள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. ஆளுங்கட்சிக்குப் பிடித்தவர்கள்தான் அந்தப் பேரப்பிள்ளைகள் என்றாகிவிட்டது. எதிர்த்துக் கேட்டவர்களை, எதிரிக்குத் துணைபோனவர்களின் பேரப்பிள்ளைகளா என்கிற மாதிரி பிரதமர் பேசிவிட, அன்று இரவே பல்கலைக்கழக விடுதிகளின் கதவுகளைத் திறந்துகொண்டு பெண்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண்களில் நுஸ்ரத்தின் தங்கை தானியாவும் ஒருத்தி.

“என் தாத்தா அந்தப் போரில் கால் இழந்தவர்,” என்றாள் நுஸ்ரத். “அந்தப் பங்கு எங்களுக்கும் உண்டு. அது வேண்டாம் என்றுதான் தானியா போயிருக்கிறாள்.”

எனக்கு இது புதிதாக இருந்தது. வெள்ளைக்காரனிடமிருந்து ஒரு முறை, பாகிஸ்தானிடமிருந்து ஒரு முறை என்று இரண்டு தடவை விடுதலை வாங்கிய நாடு. வாங்கிக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லியே பதினைந்து வருடமாக ஒரே ஆள் ஆண்டுகொண்டிருந்தார். தேர்தல் நடந்தது, ஆனால் யார் ஜெயிப்பார் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் மைதானத்தில் உட்கார்ந்தபோது நானும் தண்ணீர் பாக்கெட்டுகளோடு போய்வந்தேன். கடைசி நாள் தடியடி வரும்வரை அது திருவிழாவாகத்தான் இருந்தது. டாக்காவில் முதல் வாரத்திலேயே பிணம் விழுந்திருந்தது.

வியாழக்கிழமை குடோனிலிருந்து திரும்பியபோது நுஸ்ரத் சமையலறையில் நின்றபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. நெட் மெதுவாகிறது, அம்மா கேட்டால் நான் தோழி வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. அதற்கு நுஸ்ரத் அனுப்பிய பதில் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்டுக்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. இன்டர்நெட்டை அரசாங்கம் அணைத்துவிட்டது. கோடிக்கணக்கான ஆட்களின் வாயை ஒரு ஸ்விட்ச்சில் மூடிவிட முடியும் என்பதை நான் செய்தியில் படித்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஹம்பேர்க்கில் ஜூலையில் ராத்திரிச் சாப்பாட்டை வெயிலில்தான் சாப்பிட வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவளுடன் மெயின் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குப் போனேன். ஆப்கானிஸ்தான் ரொட்டிக்கடை, துருக்கி நகைக்கடை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பங்களாதேஷ் மளிகைக்கடை. ஐஸ் பெட்டியில் அவர்களுக்குப் பிரியமான இலிஷ் மீன் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தது. அதை யாரும் வாங்கவில்லை. பத்திருபது பேர் நின்றபடி ஆளுக்கொரு போனைக் காதில் வைத்திருந்தார்கள். சாதாரண அழைப்பு எப்போதாவது ஒன்று போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்துவிட்டால் அந்த ஆள் தன் வீட்டு விஷயத்தைச் சுருக்கிக்கொண்டு, சுற்றி நிற்பவர்களின் ஊரையும் பெயரையும் சத்தமாகச் சொல்வார். அங்கிருப்பவர்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வயதானவர் சொன்னதை நுஸ்ரத் எனக்கு மொழிபெயர்த்தாள்: “டாக்காவில் மிர்பூர்ப் பக்கம் ஹெலிகாப்டர் பறக்கிறதாம். மாடிக்குப் போகாதே என்று பேத்தியிடம் சொல்லச் சொல்கிறார்.”

நுஸ்ரத்துக்கும் ஒரு தடவை ராஜ்ஷாஹியில் இருக்கும் அம்மா கிடைத்தார். தானியாவின் போன் அணைந்து கிடக்கிறது, உனக்கு ஏதாவது தெரியுமா என்றுதான் அம்மா கேட்டார். தோழி வீட்டில் இருக்கிறாள் என்று இவள் சொன்னாள். எந்தத் தோழி என்று அம்மா கேட்பதற்குள் லைன் போய்விட்டது. போனது நல்லதுக்குத்தான் என்றாள். திரும்பி வரும் ரயிலில், அவள் துறைமுகத்து கிரேன்களைப் பார்த்தபடியே வந்தாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் ஜெகன் அண்ணை பேசினார். மனதில் கெட்ட எண்ணம் வைத்துப் பேசுபவர் இல்லை. ஆனால் அவருக்கு இந்தப் போராட்டங்களில் நம்பிக்கை இல்லை. ஓராள் போவார், இன்னோராள் வருவார், அவ்வளவுதான் என்றார். கொழும்பில் சிங்களச் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை இங்கே தமிழ் வீடுகளில் எல்லோரும் டிவியில் பார்த்தார்களாம். அவர் மட்டும் பாதியில் அணைத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டேன்.

“எங்களை அடிக்கேக்க இவை எங்க நிண்டவை, பிள்ளை? பெற்றோலும் காஸும் இல்லை எண்டோன்னதான் அந்த ஆள் கூடாதவன் எண்டு தெரிஞ்சதோ?”

நுஸ்ரத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவரது முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை ஸ்டேஷன் முன்னால் பங்களாதேஷ்காரர்களின் ஆர்ப்பாட்டம் என்று தெரிந்தது. நுஸ்ரத் போகத் தயங்கினாள். அவளுடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம். அந்தக் கூட்டத்தில் தூதரகத்துக்காகப் படம் எடுப்பவர்களும் இருப்பார்கள் என்ற பேச்சு. அவளைவிட ராஜ்ஷாஹியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவள் பயம். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, போலீஸ்காரர்கள் நட்போடு தலையாட்டும் ஒரு ஊரில், ஒரு பெண் கூட்டத்தில் நிற்பதற்கு முகமூடி தேடுவதைப் பார்த்தபோதுதான், அந்த ஆட்சியின் கை எவ்வளவு நீளம் என்று எனக்குப் புரிந்தது. வசந்தி அக்கா அலமாரியிலிருந்து கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிறகு தானும் ஷூவை மாட்டிக்கொண்டார்.

ரயிலில் நான் அக்காவிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. அவராகவே ஸ்டேஷன் வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ரெண்டாயிரத்து ஒன்பதில இதே இடத்திலதான் நாங்கள் நிண்டனாங்கள். வன்னியில என்ர தம்பி இருந்தவன். போன் இல்லை, ஒண்டும் இல்லை. இதால போற சனம் பையோட வந்து பையோட போச்சினம். எங்கட ஆக்களைத் தவிர வேற ஒருத்தரும் எங்களோட வந்து நிக்கேல்லை.”

“தம்பி?” என்றேன்.

“தெரியாது. இண்டைக்கும் தெரியாது.” பிறகு நுஸ்ரத் நின்ற பக்கம் நடக்கத் தொடங்கினார். “வாங்கோ, அந்தப் பிள்ளை தனிய நிக்குது.”

மூன்று பேரும் நின்றோம். ஒருவர் கோஷம் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். எனக்கும் அக்காவுக்கும் வாயில் நுழையவில்லை. மழை தூறிக்கொண்டே இருந்தது. ஹம்பேர்க் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வந்து முகத்தில் அப்பும். சூட்கேஸ்களை இழுத்தபடி பயணிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாயோடு வந்த ஒரு ஜெர்மன் கிழவி நின்று, எந்த நாடு என்று கேட்டாள். அக்கா ஜெர்மனில் விளக்கினார். நீங்கள் அந்த நாடா என்று அவள் கேட்டாளாம். இல்லை என்று சொன்னேன் என்றார் அக்கா. அதற்குமேல் அந்தக் கிழவிக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஆனால் நாயைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் எங்களோடு நின்றுவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை பையர் அலுவலகத்தில் எனக்கு மீட்டிங். ஜெர்மன்காரர்கள் நேரத்தை இம்மி பிசகாமல் பார்ப்பார்கள் என்று திருப்பூரில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்ததால் சீக்கிரமே கிளம்பினேன். ரயில் பாதி வழியில் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ நீளமாகச் சொன்னது. எல்லோரும் பெருமூச்சு விட்டபடி இறங்கினார்கள். அவர்கள் பின்னால் போய் மாற்றுப் பேருந்து என்று நம்பி ஒன்றில் ஏறினேன். அது என்னைக் கன்டெய்னர்கள் மலையாக அடுக்கியிருந்த ஒரு முற்றத்தின் வாசலில் கொண்டுபோய் இறக்கியது. துருக்கிக்கார டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரு என்று சைகை காட்டி அதே பேருந்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். மீட்டிங்குக்கு வெகுநேரம் தாமதம். மன்னிப்பைப் பாதி சொல்வதற்குள், ரயில்தானே, எங்களுக்கும் தினமும் அப்படித்தான் என்று காப்பி ஊற்றிக் கொடுத்தார் அந்தப் பையர் அம்மா, ஃப்ராவ் பீட்டர்சன்.

திமிங்கல விவகாரம் நான் பயந்ததுபோல இல்லாமல் சீக்கிரமே முடிந்தது. கெட்ட பீஸ்களைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு வேறொரு ஃபைலைத் திறந்தார். குளிர்காலத்துக்கான குழந்தைகள் பைஜாமா. டாக்காவில் ஒரு ஃபேக்டரிக்குக் கொடுத்திருந்த ஆர்டர். நாலு நாளாக அவர்கள் மெயிலுக்குப் பதில் சொல்லவில்லை. உங்களால் செய்ய முடியுமா?

அவர்கள் நாட்டில் இன்டர்நெட் இல்லை என்றேன். தெரியும், வருத்தமாகத்தான் இருக்கிறது என்றார் அவர். ஆனால் குளிர்காலம் காத்திருக்காது. அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டபடியே அளவுகள் இருந்த தாளை என் பக்கம் திருப்பினார்.

வெளியே வந்து ஓனருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் வெகுநாள் கழித்து உற்சாகம் கேட்டது.

“நம்ம லைனு சும்மாதானுங்க கெடக்குது. பாதிப் பேருக்கு வாரத்துல மூணு நாள்தான் வேல குடுத்துட்டிருக்கறோம். கண்ண மூடிட்டு எடுத்துருங்க மேடம். சாம்பிள் முடிச்சு ஓகே வாங்கிட்டே வாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் தையல் லைனில் இருக்கும் பெண்களின் முகம் எனக்குத் தெரியும். வேலை இல்லாத நாட்களில் அவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்றும் தெரியும். அந்த ஆர்டரை எடுத்தேன். என் பயணம் இரண்டு வாரம் நீண்டது.

நுஸ்ரத்திடம் மறைக்க நினைக்கவில்லை. அன்று மாலை சமையலறையில் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் எடுக்காவிட்டால் வியட்நாம் எடுக்கும் என்றாள். கொஞ்ச நேரம் அரிந்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

“ஆனால் ஆபா, இதை அவர்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? அந்த ஃபேக்டரிப் பெண்களிடம் போய், தெருவுக்கு வந்த மாணவர்களால்தான் உங்கள் வேலை போனது என்பார்கள். நெட்டை அணைத்தது யார் என்று சொல்ல மாட்டார்கள்.”

அந்த வாரம் முழுக்க இந்தப் பேச்சு என் காதில் இருந்தது. பயமுறுத்தி ஆள்பவர்கள் துப்பாக்கியை மட்டும் நம்பி இருப்பதில்லை. பசி வந்தால் ஜனம் யாரைக் குறை சொல்லும் என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் டாக்காவிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, ஹம்பேர்க்கில் ஒரு மேசையில் உட்கார்ந்து நானும் ஒரு வரியாகிவிட்டேன்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள் காலை, அக்கா ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டிருக்க நுஸ்ரத்தின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தாள். கேட்டுக்கொண்டே நின்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கத்தியோடு உறைந்து நின்றார். நுஸ்ரத் எங்களை நிமிர்ந்து பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். இருக்கிறாள்.

தானியாவுக்கு ரவைக் குண்டுகள் பட்டிருந்தன. தோளில் சில, இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே ஒன்று. ஆஸ்பத்திரிகளில் போலீஸ் வந்து பெயர் கேட்கிறது என்று, தெரிந்த ஒரு டாக்டர் வீட்டிலேயே வைத்து எடுத்தார். தெருவில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள் என்பதால் சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அவளோடு நின்ற ஒரு பையன் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தங்கை கேட்டாளாம்: வெளியே இருக்கிறவர்களுக்கு இது தெரியுமா, யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள், நாங்கள் ஸ்டேஷன் முன்னால் நின்றோம் என்று இவள் சொன்னாள். இங்கே இருக்கும் தமிழ் அக்காவும் வந்தார் என்றாள்.

இதை ஜெர்மனில் கேட்டுவிட்டு அக்கா போய்த் தேத்தண்ணி போட்டார். கேத்தல் கொதித்து அணைந்த பிறகும் அதன் முன்னாலேயே முதுகைக் காட்டியபடி நின்றார். அவருக்கு அந்த அழைப்பு வராமலே போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் என் சாம்பிள்களுக்கு ஓகே கிடைத்தது. அன்று முற்பகல் குடோனில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது நுஸ்ரத் அழைத்தாள். ஊரடங்கை மீறி லட்சக்கணக்கானவர்கள் டாக்காவை நோக்கி நடக்கிறார்கள், பிரதமர் ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். எங்கே போனார் என்று கேட்டேன். உங்கள் நாட்டுக்கு என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிரதமர் வீட்டிலிருந்து ஜனங்கள் நாற்காலி, மின்விசிறி, பெரிய பெரிய மீன்கள் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் வாத்தை அணைத்தபடி ஓடினார். நுஸ்ரத் சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ஜெகன் அண்ணை பேக்கரியிலிருந்து கறுவாப்பட்டை பன்கள் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். டிவியை அணைக்காமல் நின்றுகொண்டே பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் வேறு செய்திகள் வரத் தொடங்கின. போலீஸ் நிலையங்கள் காலி. ஓடிப்போன கட்சிக்காரர்களின் வீடுகள் எரிகின்றன. சில ஊர்களில் இந்துக்களின் வீடுகளையும் கோவில்களையும் தாக்குகிறார்கள். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன்தானே என்ற பார்வை. அதில் வெற்றி எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. நுஸ்ரத்தின் சிரிப்பு நின்றது. தன்னோடு பள்ளியில் படித்த ஓர் இந்துத் தோழிக்கு அழைத்துப் பார்த்தாள். நெட் வந்திருந்ததால் உடனே கிடைத்தது. அவர்கள் பத்திரம், ஆனால் விளக்கை அணைத்துவிட்டு இருக்கிறார்கள் என்றாள்.

பிறகு தானியாவுக்கு வீடியோவில் அழைத்தாள். இங்கே இன்னும் வெளிச்சம், அங்கே நடுராத்திரி. கொண்டாட்டத்தில் இருப்பாள் என்றுதான் நினைத்தோம். திரையில் பச்சைக் கம்பிக் கதவு ஒன்று தெரிந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். சிலர் தொழுகைத் தொப்பி வைத்திருந்தார்கள், ஒருவன் கையில் விசில். கன்னத்தில் பிளாஸ்திரியோடு தானியா தெரிந்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். கதவுக்குள்ளே ஒரு சிறிய காளி கோவில்.

அக்கா போனைத் தன் பக்கம் வாங்கினார். அந்தப் பிள்ளைக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே பேசினார்.

“பிள்ளை, காயத்தோட வெளிய நிக்கக் கூடாது. உள்ள போய்ப் படுங்கோ.”

நான் இங்கிலீஷில் சொல்ல, நுஸ்ரத் மொழிபெயர்த்துச் சொன்னாள். தானியா சிரித்தபடி ஏதோ சொன்னாள். போலீஸ் ஓடிப்போய்விட்டது, அதனால் இன்றைக்கு நாங்கள்தான் போலீஸ் என்கிறாள் என்றாள் நுஸ்ரத்.

அதுவரை பின்னால் நின்ற ஜெகன் அண்ணை குனிந்து திரைக்கு அருகில் வந்தார். அந்தக் கதவையும் நாற்காலிகளையும் கவனமாகப் பார்த்தார்.

“இண்டைக்கு நிப்பினம், சரி. நாளைக்கும் நிப்பினமோ எண்டு கேளுங்கோ.”

அதையும் நான் சொல்ல, நுஸ்ரத் வங்காள மொழியில் கேட்டாள். இதில் என்ன கேள்வி என்பதுபோல தானியா எங்களைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலிக்காரனிடம் ஏதோ சரிபார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.

“நாளைக்கு வேறு ஆட்கள் நிற்கிறார்கள்,” என்றாள் நுஸ்ரத். “இவளுடைய முறை நாளை மறுநாள்.”

அண்ணை அதை யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.